கஃபு (ரலி) அவர்களின் ஐம்பது இரவுகளும் நம் கல்லூரிப் பிள்ளைகளும்

 



2021 நவம்பரில் ஒரு ஜும்ஆ நாள். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் வணக்கத்தலங்களை மூடி வைக்கும் அரசு உத்தரவு அதற்கு முந்திய மாதந்தான் நீங்கியிருந்தது. ஆகவே பள்ளி நிறைந்திருந்தது. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின் ஒரு கல்லூரி மாணவர் நம்மருகே வந்து நின்றார். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. "ஹஜ்ரத், இரவில் தூக்கம் வருவதில்லை. பகலில் எழுந்திருக்க மனம் வருவதில்லை. தக்பீர் கட்டி நின்றாலும் உள்ளுக்குள் எதுவுமே இல்லை. எனக்கு ஈமான் போய்விட்டதா?" என்று கேட்டார்.

நமக்கு அன்று ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குப் போக வேண்டிய அவசரம். "திக்ரை அதிகப்படுத்துங்கள் தம்பி, ஷைத்தானுக்கு இடங்கொடுக்காதீர்கள்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டோம். நாம் சொன்னதில் மார்க்கத்திற்கு மாறானது ஒன்றுமில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலுமல்ல. அதன் பின் ஆறு ஜும்ஆக்கள் அந்தப் பிள்ளையைப் பள்ளியில் நாம் காணவில்லை. அந்த ஆறு வாரங்கள் நம் நெஞ்சில் இன்றும் உறுத்திக்கொண்டிருப்பதனால்தான் இதனை எழுத உட்கார்ந்தோம்.

அவர் கல்லூரியில் சேர்ந்தது 2020-ல். கல்லூரி என்றால் என்னவென்றே அவர் பார்த்ததில்லை. கொரோனாத் தொற்றினால் தமிழகத்தில் கல்வி நிலையங்கள் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. 25-ஆம் தேதி நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. இறுதியாண்டு மாணவர்களுக்கு டிசம்பர் 7-ல் கதவு திறந்தது. மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரியில். ஆறு வாரந்தான் சென்றிருக்கும். மார்ச் மாதக் கடைசியில் மறுபடி வீட்டுக்கு அனுப்பினார்கள். மே 10-ல் இரண்டாம் முழு ஊரடங்கு. செப்டம்பர் முதல் தேதி மறுபடி திறப்பு. 2022 ஜனவரியில் மறுபடி அடைப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று கூட்டாளிகளோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கேன்டீனில் டீ குடித்து, சண்டையிட்டு, சமாதானமாகி, மனிதனாக வளர வேண்டிய காலம் அது. அந்தக் காலம் முழுவதும் ஒரு கைப்பேசித் திரைக்குள் கழிந்தது. அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் ஒரே கைப்பேசி இருந்த வீடுகள் நம் மஹல்லாவிலேயே உண்டு. ஒருவர் வகுப்புக் கேட்டால் மற்றவருக்கு ஆப்சென்ட். மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய வசதியை அரசு இலவசமாகக் கொடுத்தது 2021 தொடக்கத்தில்தான்.

தேர்வு விஷயமோ அதைவிடக் குழப்பம். நடக்கும் என்பார்கள், நடக்காது என்பார்கள். அரியர் வைத்திருந்தவர்கள் கட்டணம் கட்டியிருந்தால் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. உடனே அது நீதிமன்றத்திற்குப் போயிற்று. இறுதியாண்டுத் தேர்வை நடத்தியே தீர வேண்டுமென்று அதே மாதம் 28-ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. "அந்த வருஷத்துப் பட்டமா?" என்று வேலை கொடுப்பவர் இளக்காரமாகக் கேட்பாரோ என்ற அச்சம் அந்தப் பிள்ளைகளுக்கு இன்றும் விடவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. 2020 மார்ச், ஏப்ரலில் டெல்லி மாநாட்டைக் காரணமாக்கி, நோயைப் பரப்பியவர்கள் முஸ்லிம்களே என்று நாடெங்கும் பேசப்பட்டது. உடன் படித்த மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலேயே அந்தப் பேச்சைப் படித்துவிட்டு வாய்மூடி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஆகஸ்ட் 21-ல் வெளிநாட்டு ஜமாஅத்தார் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே கூறிற்று. தீர்ப்பு வந்தது, குழுவில் எழுதியவர் எவரும் அதை எடுத்துப் போடவில்லை.

இவற்றோடு மவுத்தும் வந்தது. 2021 மே, ஜூனில் வாப்பாவை இழந்த பிள்ளைகள் ஜனாஸாவைக் கடைசியாகத் தொட்டுப் பார்க்கவும் முடியாமல், நாலு பேர் நின்று தொழ, தூரத்தில் நின்றார்கள். மூன்றாம் நாள் ஆறுதல் சொல்ல வரும் உறவுகளும் வரவில்லை. துக்கம் வெளியே வர வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், தொற்றின் முதல் ஆண்டில் மட்டும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 சதவீதம் கூடின என்றும், இளைஞர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் கண்டுள்ளது. நம் நாட்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு வேறு. தங்கள் கையாலேயே உயிரை விட்ட மாணவர்கள் 2020-ல் 12,526 பேர். 2021-ல் 13,089 பேர். ஒவ்வொரு மரணத்திற்கும் காரணம் ஊரடங்கே என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வீடுகளில் ஓர் உம்மா கதவைத் தட்டியிருக்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிற்க. நம் மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று கேட்டால், கொள்ளைநோய்ச் சட்டத்தை உலகுக்குச் சொன்னவர்களே நாம்தான் என்று பெருமையோடு பதில் வருகிறது. உண்மைதான். நோய் கண்ட ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருப்போர் வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதும், ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னுமிடத்திலிருந்து படையோடு திரும்பியதும் ஊரடங்கின்போது எல்லாப் பயான்களிலும் சொல்லப்பட்டன. நாமும் சொன்னோம். ஆனால் அடைபட்டுக் கிடக்கும் மனிதனின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதைப் பற்றி நாம் பேசவில்லை. அதற்கும் நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது. அதுதான் கஃபு பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு.

ஹிஜ்ரி 9-ல் தபூக் போருக்குப் போகாமல் தங்கிவிட்டவர்களில் கஃபு (ரலி), முராரா (ரலி), ஹிலால் (ரலி) ஆகிய மூவர் பொய்ச் சாக்குச் சொல்லாமல் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடன் எவரும் பேசக்கூடாதென்று கட்டளையாயிற்று. அது ஒரு தண்டனை. கொரோனாவில் நம் பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. இந்த வேற்றுமையை முதலில் சொல்லிவிடுகிறோம், யாரும் தவறாகப் பொருள் கொண்டுவிடலாகாது. நாம் பார்க்க வேண்டியது, தனிமை அவர்களை என்ன செய்தது என்பதையே.

மற்ற இருவரும் வீட்டோடு முடங்கி அழுதுகொண்டிருந்தார்கள். கஃபு (ரலி) அவர்கள் வாலிபர். கடைவீதிக்குப் போவார்கள், பள்ளிக்கு வருவார்கள், எவரும் பேசார். நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்லத் திருவுதடு அசைந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தம் சிறிய தந்தையின் மகனும் மிகப் பிரியமானவருமான அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரில் ஏறிக்குதித்து ஸலாம் சொன்னார்கள். பதிலில்லை. தாம் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பது அவருக்குத் தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அல்லாஹ்வும் அவன் தூதருமே அறிவார்கள் என்ற ஒரு சொல்தான் கடைசியில் கிடைத்தது. கண்ணீர் பெருகத் திரும்பினார்கள். தாம் அறிந்த ஊரே தமக்கு அந்நியமாகிவிட்டதாகப் பிற்காலத்தில் அவர்களே தம் வாயால் எடுத்துச் சொன்னதை புகாரி ஷரீஃபில் காணலாம். திருமறையின் தவ்பா அத்தியாயம் இம்மூவரைப் பற்றிக் கூறுமிடத்து, பரந்த பூமியே அவர்களுக்குக் குறுகிப் போனதையும், அவர்களுடைய சொந்த உள்ளமே அவர்களை நெருக்கியதையும் குறிப்பிடுகின்றது.

சகோதரர்களே, அந்த மாணவர் நம்மிடம் சொன்னதும் இதைத்தானே! ஸஹாபி ஒருவருக்கு ஐம்பது இரவுகளில் இந்த நிலை வருமானால், பதினெட்டு மாதம் அறைக்குள் இருந்த பிள்ளைக்கு வந்தால் அதனை ஈமான் குறைவென்று சொல்ல நாம் யார்?

அந்த ஐம்பது நாட்களுக்குள் இன்னொன்றும் நடந்தது. ஒரு கடிதம் வந்தது. கஸ்ஸான் நாட்டு அரசன், நீர் எம்மிடம் வந்துவிடும், உம்மை ஆதரிக்கிறோம் என்ற கருத்தில் எழுதியிருந்தான். இதுவும் ஒரு சோதனையே என்று கஃபு (ரலி) அவர்கள் அதனை அடுப்பிலிட்டு எரித்தார்கள். தனித்திருப்பவனைத் தேடி இப்படிப்பட்ட கடிதங்கள் தவறாமல் வந்து சேரும். ஊரடங்கில் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வந்தன. இணையத்தில் ரம்மி விளையாடக் கூப்பிட்டார்கள். முதலில் கொஞ்சம் ஜெயிக்க விட்டு, பின்பு வாப்பாவின் வங்கிக் கணக்கைத் துடைத்தார்கள். கடன்பட்டு உயிரை மாய்த்தவர்கள் பெருகியதால் 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டமே கொண்டு வர நேர்ந்தது. சூது ஹராம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டுப் பேசியது அது ஒன்றுதான்.

வஸ்வாஸைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். நம்மிடம் மஸ்அலா கேட்க வந்த மாணவ மாணவியரில் இந்தத் தொல்லையுடையவர்கள் கொரோனாவுக்குப் பின் கூடியிருக்கிறார்கள். கையைக் கழுவு, மறுபடி கழுவு என்று இரண்டு வருடம் சொல்லிச் சொல்லி, கழுவுதல் நிற்காத பிள்ளைகள் உண்டு. ஒளுவுக்கு உட்கார்ந்தால் அரைமணி நேரம். கை நனைந்ததா, நிய்யத் வந்ததா, சொட்டு விழுந்ததா என்ற சந்தேகம். தொழுகையை நாலு முறை முறித்து நாலு முறை கட்டுவார்கள். ஒரு மாணவி, விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போன கையோடு உம்மாவுடன் வந்தார். வீட்டில் அதைப் பேணுதல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள்!

இது பேணுதலல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. மூன்று முறைக்கு மேல் கழுவுவதை வரம்பு மீறுதல் என்றே கண்டித்தார்கள். உறுதியானது சந்தேகத்தினால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆகவே வஸ்வாஸ் உடையவருக்கு நாம் சொல்லும் தீர்ப்பு இதுதான்: ஒருமுறை கழுவியதும் எழுந்துவிடுங்கள். நனையவில்லை என்று உள்ளம் சொன்னால் அதன் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த ஒளுவோடு தொழுங்கள், தொழுகை கூடும். இப்படிச் சொல்லியும் நிறுத்த முடியவில்லையென்றால் அது நோய். அதற்கு மருத்துவர் இருக்கிறார். திரும்பத் திரும்ப ஆலிமிடம் வந்து "கூடுமா, கூடுமா" என்று கேட்பதும் அந்த நோயின் ஒரு பகுதிதான் என்பதை உம்மாமார்கள் அறிந்துகொள்வது நல்லது.

இதை நோயென்று நாம் இன்று புதிதாகச் சொல்லவில்லை. ஹிஜ்ரி 322-ல் வஃபாத்தான அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்திற்கும் வரும் என்று கூறி, இரண்டின் நலனுக்கும் சேர்த்து ஒரே நூல் எழுதியவர். மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்பது அதன் பெயர். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் சோகம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். வஸ்வாஸ் பிடித்தவரைத் தனியே இருக்க விடாதீர்கள் என்பதும் அவர் சொல்லும் சிகிச்சை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதியது இது. நாமோ 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகளைப் பறிகொடுத்தோம். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும் என்று இப்போது அங்கேயே மனநல மருத்துவம் நடக்கிறது. நம் வீடுகளில் மட்டும், "பைத்தியம் என்று பேர் வந்துவிட்டால் சம்பந்தம் நடக்குமா?" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பேச்சு இன்னும் கொடிது. ஊரடங்கில் ஆண்பிள்ளைக்குக் கைப்பேசியாவது கிடைத்தது. பெண்ணோ வகுப்புக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் நின்றாள். "எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள்" என்று நிக்காஹை முடித்துப் படிப்பை நிறுத்திய குடும்பங்களும் உண்டு. அந்த நிக்காஹ்களில் சிலவற்றுக்கு நாமும் போயிருந்தோம், பாத்திஹா ஓதினோம், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையில் ஓதுகிறோம். தன்னந்தனியே, பேரீச்ச மரத்தடியில், பிரசவ வேதனையில், இதற்கு முன்பே தாம் மரித்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். இப்படி நினைக்கலாமா என்று அவர்களை அல்லாஹு தஆலா கடிந்துகொள்ளவில்லை. கவலைப்படாதீர் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. கனிந்த பேரீச்சம்பழம் வந்தது. உண்ணவும் பருகவும் சொல்லப்பட்டது. "சாகலாம்போல் இருக்கிறது" என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் நாம் முதலில் எடுப்பதென்ன? நரகத்தின் வேதனையைத்தான். உயிரைத் தானே மாய்த்தல் பெரும் பாவம். அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் அதை அந்தப் பிள்ளை மதரஸாவில் ஏழு வயதிலேயே படித்துவிட்டது. தெரிந்திருந்தும் அப்படித் தோன்றுகிறதென்றால் அது எவ்வளவு பெரிய வலி! அருகில் உட்கார வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். தனியே விட்டுவிட்டு எழுந்து போகலாகாது. அரசு நடத்தும் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசகரோடு பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. அந்த எண்ணைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே எழுதி வைக்க முத்தவல்லிமார்கள் தயங்க வேண்டியதில்லை.

அப்படியொரு துயர மரணம் நேர்ந்துவிட்ட வீட்டில், ஜனாஸாத் தொழுகை உண்டா இல்லையா என்று வாசலில் நின்று தர்க்கம் செய்வதைக் கேட்டிருக்கிறோம். நம் நாட்டிலுள்ள ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் தொழ வேண்டுமென்பதே ஏற்கப்பட்ட சட்டம். தர்க்கத்தை விட்டுவிட்டு ஸஃப்பில் நில்லுங்கள்.

இனி அந்த மாணவர். ஏழாவது வாரம் அவருடைய வீட்டைத் தேடிக்கொண்டு நாமே போனோம். அறைக்கதவு பாதி சாத்தியிருந்தது. "எந்நேரமும் படுத்தேதான் கிடக்கிறான் ஹஜ்ரத், நீங்களாவது ஓதி ஊதுங்கள்" என்றார் அவருடைய உம்மா. ஓதினோம். பிறகு அவரருகே பாயில் உட்கார்ந்து, "அன்று நீங்கள் கேட்டதற்கு நாம் பதில் சொல்லவில்லை தம்பி. உங்கள் ஈமான் போகவில்லை. போயிருந்தால் போய்விட்டதா என்று இவ்வளவு கவலைப்படமாட்டீர்கள்" என்றோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுநேரம் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அவருடைய உம்மா இஞ்சி போட்ட டீ கொண்டு வந்தார். எழுந்து உட்கார்ந்து குடித்தார்.

மறுவாரம் அவருடைய மாமாவோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார். இரண்டு மாத்திரை. ஐவேளையும் ஜமாஅத்துக்கு வா என்று நாம் அவரை நெருக்கவில்லை. பஜ்ருக்கு மட்டும் வரச் சொன்னோம், வர முடியாத நாளில் வீட்டில் உட்கார்ந்தாவது தொழச் சொன்னோம். இரவும் பகலும் தலைகீழாகிப் போன பிள்ளைக்கு, விடியலில் முகங்கழுவி நாலு வீதி நடந்து, நாலு மனிதரின் ஸலாமுக்குப் பதில் சொல்வது பெரிய வேலைதான். சில வாரம் வந்தார். சில வாரம் வரவில்லை. வந்த நாளில் ஏன் நேற்று வரவில்லையென்று கேட்க வேண்டாமென்று மோதினாரிடமும் முன்வரிசைப் பெரியவர்களிடமும் சொல்லி வைத்தோம். பெரியவர்களில் ஒருவர் மட்டும் கேட்கத்தான் செய்தார். என்ன செய்வது!

கஃபு (ரலி) அவர்களுக்கு ஐம்பதாம் நாள் காலை ஸல்உ மலையிலிருந்து நற்செய்தி வந்ததும் பள்ளிக்கு ஓடினார்கள். நாயகம் (ஸல்) அவர்களைச் சுற்றி மக்கள் அமர்ந்திருந்தார்கள். முஹாஜிர்களில் ஒருவர் மட்டும் எழுந்தார்; ஓடி வந்து கைகொடுத்து வாழ்த்தினார். தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள்தாம் அவர். கஃபு (ரலி) அவர்கள் முதுமையில் கண்பார்வை போன பின்பு இந்த வரலாற்றைச் சொல்லும்போதும், தல்ஹா எழுந்து வந்ததை மறக்கவில்லை.

2022 ஏப்ரலில் ரமளான் பிறந்தது. அதற்கு முந்திய இரண்டு ரமளான்களில், 2020-ல் பள்ளி முழுவதும் பூட்டிக் கிடந்தது. 2021-ல் பாதி மாதத்திற்குமேல் கட்டுப்பாட்டில் கழிந்தது. இம்முறை தராவீஹுக்கு இடமில்லாமல் மாடியில் பாய் விரித்தோம். பிறை பார்த்த இரவு அந்த மாணவர் வந்து, மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டார். தாமாக நிறுத்தக்கூடாது, மருத்துவரைக் கேளுங்கள் என்றோம். காலை மாத்திரையை ஸஹருக்கும் இரவு மாத்திரையை நோன்பு திறந்த பின்னும் மாற்றிக் கொடுத்தார் மருத்துவர். மாற்ற முடியாதென்று அவர் சொல்லியிருந்தால், நோயாளிக்குள்ள சலுகைப்படி விட்டுவிட்டுக் களாச் செய்யச் சொல்லியிருப்போம். இருபத்தாறு நோன்பு பிடித்தார். மூன்றோ நாலோ விட்டுப்போனதை ஷவ்வால் ஆறு நோன்போடு சேர்த்து நிய்யத் வைக்கலாமா என்று பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹாச் செய்யும்போதே கேட்டார். களாவைத் தனியே முடியுங்கள், ஆனால் அவசரமில்லை, அடுத்த ரமளானுக்குள் பிடித்தால் போதும் என்று சொன்னோம்.